அண்டா அடி தெரியணும்

என் வேலை என்னவென்று என் அம்மாவுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஈரோட்டிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் கேட்பாள். "ஏங்கண்ணு, டீச்சர்னு சொல்லோணுமா, ஆபீசர்னு சொல்லோணுமா? கேக்கறவிங்களுக்கு நான் என்னத்தச் சொல்றது?" ஆவடி வட்டாரத்தை நீடித்து நிலைக்கும் நகரமாக மாற்ற ஒரு திட்டம் நடக்கிறது, அதில் கல்வி, பண்பாட்டு நிகழ்ச்சிகளை நடத்தும் பொறுப்பு என்னுடையது என்று ஒவ்வொரு முறையும் விளக்குவேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "அது செரி, மத்தியானம் என்ன கொழம்பு?" என்பாள்.

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. சேர்ந்த புதிதில் எனக்கே பிடிபடவில்லை. பதினைந்து வருடம் ஐ.டி. கம்பெனியில் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். ஒருநாள் கம்பெனி என்னை வேண்டாம் என்றது. மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்து கணவர், மகள், குக்கர் எல்லோரோடும் சண்டை போட்டு முடித்த பிறகு இந்த வேலை கிடைத்தது. குப்பையைப் பிரி, தண்ணீரை வீணாக்காதே, ஏரியில் எதையும் கொட்டாதே என்று மக்களுக்குக் கோபப்படாமல் சொல்ல வேண்டும். கோபப்படாமல் சொல்வது ஒன்றுதான் எனக்கு வராது. மற்றதெல்லாம் வரும்.

முதல் வருடம் நான் செய்த கூத்துகளைச் சொன்னால் வெட்கக்கேடு. கொரட்டூர் ஏரிக்குப் பறவை பார்க்கக் கூட்டிப்போனேன். அடுக்ககக்காரர்கள் புது ஷூவும் தொப்பியுமாக வந்தார்கள், பத்து நிமிடத்தில் "மேடம், டிபன் எங்கே?" என்றார்கள். வீட்டுக் குப்பையில் உரம் செய்யும் வகுப்பு நடத்தினேன். வந்தவர்கள் வாளிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், வாளியை யாரும் எடுத்துப் போகவில்லை. இதற்கெல்லாம் சிகரம், 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' என்று நான் அச்சடித்த இருபதடி ஃபிளெக்ஸ் பேனர். அதைத் திருவேற்காட்டில் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு ஷேர் ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, மேலும் கீழும் பார்த்து, "யக்கா, இத்த எப்போ ஒழிப்ப? ஒழிக்கும்போது சொல்லு, எங்கூட்டுக் கூரைக்கு ஆவும்" என்றார். அன்று சாயங்காலமே அவிழ்த்துக் கொடுத்துவிட்டேன். அந்த வருடம் நான் உருப்படியாகச் செய்த ஒரே மறுசுழற்சி அதுதான்.

எங்கள் மேலாளர் நல்ல மனிதர். ஆனால் எண்ணிக்கை என்று ஒரு வியாதி அவருக்கு. எந்த நிகழ்ச்சி முடிந்தாலும், "எத்தனை பேர் பதிவு?" என்பதுதான் முதல் கேள்வி. வந்தவருக்கு ஏதாவது உறைத்ததா என்பதற்கு அறிக்கையில் கட்டம் கிடையாது. பெயர், போன் எண், வீட்டு எண், கையெழுத்து. இதற்குத்தான் கட்டம் உண்டு.

நாங்கள் குடியிருப்பது சேக்காட்டில், இரண்டு பிளாக் உள்ள அடுக்ககத்தில். காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால் ஒரு தெரு, தெருமுனையில் சின்ன அம்மன் கோயில், அதற்கப்பால் ஏரிக்கரை வீடுகள். எங்கள் மாடிப்படிகளைப் பெருக்கித் துடைக்கும் அக்கா அந்தத் தெருவில்தான் இருந்தார். அவருடைய மாமனார் கூலிக்கு ஏர் ஓட்டிய நிலத்தில்தான் எங்கள் அடுக்ககம் நிற்கிறது என்று ஒருமுறை படியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அவருடைய கணவருக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை.

முதல் நாள் அவர் என்னிடம், "இன்னா மேடம், கொஞ்சம் தள்ளிக்கோ, தண்ணி ஊத்தப் போறேன்" என்றபோது சுருக்கென்றது. எங்கள் பக்கத்தில் கன்றுக்குட்டியைக்கூட வாங்க, போங்க என்போம். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. 'மேடம்' என்பதிலேயே மரியாதை முடிந்தது, மீதிக்கு 'நீ' போதும் என்பது இந்த ஊர் வழக்கம். சொல்லப்போனால் அந்த 'நீ'யைக் கேட்டால்தான் அன்றைக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் கூழ் வார்ப்பார்கள். முந்தின வருடம் கூழ் குடித்துப் போட்ட பேப்பர் கப்புகள் சாக்கடையை அடைத்து, தெருவில் தண்ணீர் தேங்கி, எங்கள் அடுக்ககச் சங்கச் செயலாளர் படம் எடுத்து மாநகராட்சிக்குப் புகார் அனுப்பிவிட்டார். இந்த முறை ஒரு கப் கிடந்தாலும் அடுத்த வருடம் தெருமுனையில் அடுப்பு வைக்க விடமாட்டோம் என்று மாநகராட்சிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கேள்விப்பட்டதும் எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. கப் இல்லாத கூழ்! கல்வியும் ஆச்சு, பண்பாடும் ஆச்சு. இதைவிட என்ன வேண்டும்?

விசாரித்தால், இந்த இரண்டு வருடமாகக் கூழ் வார்ப்பதே நம் அக்காதான். மாடிப்படியில் உட்கார வைத்துப் பேசினேன். ஸ்டீல் டம்ளர் நாங்கள் தருகிறோம், கழுவுவதற்கும் ஆள் போடுகிறோம், பேப்பர் கப் மட்டும் வேண்டாம் என்றேன். "டம்ளரு குடுத்தா நல்லதுதான மேடம்" என்று உடனே ஒப்புக்கொண்டார். பிறகு துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, "ஆனா ஒண்ணு. கூழு மீதி ஆவக் கூடாது. அண்டா அடி தெரியணும்" என்றார்.

ஏன் என்று கேட்டேன்.

"எம்பொண்ணுக்கு ரெண்டு தபா கலைஞ்சி பூட்ச்சி மேடம். ரெண்டாவது தபா அது செவுத்தப் பாத்துகினே படுத்துகினு கெடந்துச்சி. சோறு வோணாம், தண்ணி வோணாம். நான் நேரா கோயிலாண்ட போய் நின்னேன். மூணு ஆடி உனுக்குக் கூழு ஊத்துறேன், அண்டா அடி தெரிய ஊத்துறேன், எம்பொண்ணு வவுத்த நீ பாத்துக்கோன்னு கேட்டேன். ரெண்டு ஆடி ஆச்சி. இது மூணாவுது. இப்போ அதுக்கு ஏழாம் மாசம்."

அந்தப் பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். டாக்டர் நடமாடக் கூடாது என்றதால் பூந்தமல்லியில் புருஷன் வீட்டை விட்டு அம்மா வீட்டுக்கு வந்து, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் இரண்டு அண்டாவும் காலியாக வேண்டும். மீந்ததைக் கீழே கொட்டவும் கூடாது, மறுநாளுக்கு வைக்கவும் கூடாது. அக்காவின் வேண்டுதலில் இருந்தது இவ்வளவுதான். போன இரண்டு வருடமும் மத்தியானத்துக்குள்ளேயே அடி தெரிந்துவிட்டதாம். "அதெல்லாம் பறந்துடும்க்கா" என்றேன். எவ்வளவு தைரியம் பாருங்கள் எனக்கு.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. இருநூறு டம்ளர் வாங்கியாயிற்று. தொலைந்தால் நான் பதில் சொல்ல வேண்டும். மேலாளருக்கு எண்ணிக்கையும் வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. தெருமுனையில் ஒரு மேசை போடுவது, வருகிறவர் பெயரும் போன் எண்ணும் வீட்டு எண்ணும் எழுதிக்கொண்டு டோக்கன் கொடுப்பது, டோக்கனைக் காட்டினால் டம்ளர், டம்ளரைக் காட்டினால் கூழ். போனில் பதிவு செய்கிறவர்களுக்கு ஒரு லிங்க். பதிவு செய்தவர்களுக்கெல்லாம் பங்கேற்புச் சான்றிதழ் என்று மேலாளர் தன் பங்குக்குச் சேர்த்தார். வட்டாரத்து அடுக்கக வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் லிங்கைப் போட்டோம்.

அக்காவிடம் சொன்னபோது முகம் கொஞ்சம் சுருங்கியது. "பேரு எழுதினாத்தான் கூழா?"

"சும்மாக்கா, டம்ளர் தொலையாம இருக்கத்தான்."

"சாப்புடுறவன் தலைய எண்ணக் கூடாதும்பாங்க மேடம்."

"எண்ணலைக்கா, எழுதறோம்" என்றேன். ஆஹா, என்ன சாமர்த்தியம். அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. நான் மேடம், அவர் படி துடைப்பவர். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் பேசாமல் போனார் என்பது அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும் தலையாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டிவிட்டார்கள். கேழ்வரகும் நொய்யும் வெந்து, தெரு முழுக்க வாசனை. வெங்காயம், மாங்காய், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு எல்லாம் தனித்தனிச் சட்டியில். சவுண்டு செட்டுக்காரர் அம்மன் பாட்டை அலற விட்டிருந்தார். வேப்பிலை கட்டிய இரண்டு அண்டாவும் கோயில் வாசலில் வந்து உட்கார்ந்ததும், நானும் என் அலுவலகத் தோழரும் கழுத்தில் அடையாள அட்டையோடு மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம். துணிப் பேனர்தான், ஃபிளெக்ஸ் இல்லை. அந்த மட்டுக்கு நான் தேறியிருந்தேன்.

முதலில் லுங்கி கட்டிய ஒருவர் வந்தார். மேசையைப் பார்த்தார். "இன்னாம்மா, ஆத்தா கூழுக்கு ஆதாரா?" என்று கேட்டு, அவரே சிரித்துவிட்டு, திரும்பிப் போய்விட்டார். நாங்களும் சிரித்தோம். அடுத்து ஒரு பெண், கையில் தூக்குச் சட்டியோடு. டோக்கன் வாங்குங்கள் என்றார் என் தோழர். "எங்கைலதான் தூக்கு கீதே, எனுக்கு எதுக்கு உன் டம்ளரு?" என்றாள். "இருந்தாலும் எல்லாரும் பதிவு பண்ணணும்மா. பேரு, ஊட்டு நம்பரு சொல்லுங்க." அவள் என் தோழரைப் பார்த்தாள். அவர் கழுத்து அட்டையைப் பார்த்தாள். தூக்கை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, வந்த வழியே வேகமாக நடந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு என் தாளில் பதினோரு பெயர். அதில் நாலு பேர் சவுண்டு செட்டுக்காரரும் அவருடைய ஆட்களும். இன்னொரு பக்கம் போனில் பதிவுகள் எகிறிக்கொண்டிருந்தன. மேலாளர் கைதட்டும் படங்களாக அனுப்பினார். "இருநூறைத் தாண்டியாச்சு! கலக்கிட்டீங்க!" இருநூறு பேரும் எங்கே என்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அடுக்ககம் அமைதியாக ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் உறைத்தது. பதிவு செய்த உடனே சான்றிதழ் போனுக்கு வந்துவிடுகிறது. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் காட்டச் சான்றிதழ் வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டார்கள். கூழ் யாருக்கு வேண்டும்? கிழிஞ்சது போ!

எழுந்து அண்டாக்களைப் போய்ப் பார்த்தேன். ஒன்றில் கால்வாசி குறைந்திருந்தது. மற்றது தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது. அக்கா கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தார்.

"எங்கக்கா யாரையும் காணோம்?"

"எப்டி வருவாங்க?" அவர் நிமிரவில்லை. "ஏரிக்கரைல ஊடு கீறவங்கல்லாம் கதவச் சாத்திகினு உள்ள உக்காந்துகினு கீறாங்க. முன்ன ஒரு தபா இதே மாறி கழுத்துல அட்டய மாட்டிகினு வந்து, ஊட்டு நம்பரு எழுதிகினு போனாங்க. அப்பால காலி பண்ணச் சொல்லி நோட்டீசு ஒட்டினாங்க. கூழக் குடுத்து பேர் எழுதி ஊட்ட இடிக்கப் போறாங்கன்னு பேசிக்கிறாங்க."

இந்த வட்டாரத்தில் நாலு வருடம் குடியிருக்கிறேன். ஏரியைக் காப்போம் என்று வாய் கிழியப் பேசியிருக்கிறேன். ஏரிக்கரையில் இருப்பவர்கள் ஒரு தாளையும் பேனாவையும் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"என்னிடம் முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன். பிள்ளையாரே, அந்த நேரத்தில் அப்படியொரு கேள்வி!

அக்கா கரண்டியை நிறுத்தினார். "சொன்னேனே மேடம். நீ கேட்டியா?" பிறகு குரல் இறங்கியது. "இது கூழு இல்ல மேடம். எம்பொண்ணு வவுறு. தோ, அது காலைலேர்ந்து எத்தினி பேரு வராங்கன்னு பாத்துகினே குந்திகினு கீது. நான் இன்னா சொல்றது அதுங்கைல?"

திரும்பிப் பார்த்தேன். வாசல் நாற்காலியில் அந்தப் பெண் வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அதற்குப் பிறகு நான் எதையும் யோசிக்கவில்லை. மேசையை மடக்கினேன். பேனரை அவிழ்த்தேன். கழுத்து அட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்தேன். என் தோழர், "மேலாளர் கேட்டா?" என்று ஆரம்பித்தார். "மேலாளர வந்து குடிக்கச் சொல்லுங்க" என்றேன். பதினோரு பெயர் எழுதிய தாளை அக்காவிடம் கொடுத்தேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை, கருவாட்டுக் குழம்பு சூடாகிக்கொண்டிருந்த அடுப்பில் செருகிவிட்டார். காகிதத்தை எரிக்காதீர்கள் என்று ஊர் ஊராக வகுப்பெடுத்தவள் நான். நன்றாக எரியட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுக்ககக் குழுவில் செய்தி போட்டேன். பதிவு செய்தவர்கள் தயவுசெய்து இறங்கி வாருங்கள், கூழ் காத்திருக்கிறது. எட்டு கட்டைவிரல் வந்தது. ஒருவர், "பி பிளாக் மூன்றாவது மாடிக்குப் பார்சல் கிடைக்குமா?" என்று கேட்டார். இன்னொருவர், சான்றிதழில் மகன் பெயருக்கு இனிஷியல் விட்டுப்போயிருக்கிறது, திருத்தித் தர முடியுமா என்றார். அவருக்கு நான் போட்ட பதிலை இங்கே எழுத முடியாது. பிற்பாடு மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

மணி மூன்றாகிவிட்டது. வெயில் கோயில் சுவரிலிருந்து இறங்கத் தொடங்கியிருந்தது. கூழ் இறுகிக்கொண்டே வந்தது, அக்கா மோர் விட்டு விட்டுக் கரைத்துக்கொண்டிருந்தார். சவுண்டு செட்டுக்காரரிடம் போய் மைக்கைக் கேட்டேன். ஆயிரம் பேர் முன்னால் பேசிப் பழகிய வாய்தான். அன்று பதற்றத்தில் இருபது வருடச் சென்னைப் பழக்கம் எல்லாம் உதிர்ந்து, ஈரோட்டுப் பேச்சு வந்துவிட்டது.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. காலையில மேசை போட்டு உக்காந்திருந்தது நாந்தானுங்க. பின்னாடி ஃபிளாட்டுலதான் குடியிருக்கறேன். உங்க பேரு, ஊட்டு நம்பரு எதையும் யாருக்கும் குடுக்கலீங்க. எழுதுன தாளும் அடுப்புல எரிஞ்சு போச்சுங்க. அம்மன் கூழுக்குக் கணக்குக் கேட்டது என்ர புத்தி கெட்டதனமுங்க. தப்பு என்ர மேல, அக்கா மேல இல்லீங்க. அவிய பொண்ணுக்காக வேண்டிக்கிட்டு ஊத்தற கூழுங்க இது. பொழுது சாயறதுக்குள்ள அண்டா அடி தெரியோணும். என்னை வந்து வையோணும்னாலும் வாங்க. வந்து குடிச்சுப்போட்டு வையுங்க."

மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன். சவுண்டு செட்டுக்காரர், "சோக்கா பேசின யக்கா, எந்த ஊரு நீ?" என்றார்.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். பிறகு தெருவின் அந்தக் கோடியிலிருந்து, காலையில் திரும்பிப் போனாளே, அதே பெண் தூக்கோடு வந்தாள். என் முன்னால் வந்து நின்று, தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "ஊட்ட இடிக்க மாட்டீங்களே?" என்றாள். "அதுக்கெல்லாம் எனக்குப் பவர் இல்லீங்க" என்றேன். "பவரு இல்லாதவ எதுக்கு அட்டய மாட்டிகினு உக்காந்த?" என்று கேட்டுவிட்டு, தூக்கை நீட்டினாள்.

அவளுக்குப் பின்னால் கதவுகள் திறந்தன. குக்கர் பாத்திரம், சொம்பு, குழந்தையின் பால் கிண்ணம், மூடி இல்லாத டிபன் கேரியர், ஒருவர் கையில் மோட்டார் கம்பெனி ஆண்டு விழாவில் கொடுத்த வெற்றிக் கோப்பை. கையில் ஒன்றும் இல்லாதவர்கள் எங்கள் ஸ்டீல் டம்ளரை எடுத்துக்கொண்டார்கள். நான் வெங்காயம் போடும் இடத்தில் நின்றேன். கண்ணில் தண்ணீர் வழிந்தது, நல்லவேளை வெங்காயம் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

எங்கள் சங்கச் செயலாளரும் வந்தார். கூழுக்கு இல்லை. மைக் சத்தம் தாங்கவில்லை என்று படமெடுக்கப் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். அக்கா அவர் கையில் ஒரு டம்ளரைத் திணித்து, "குட்ச்சிட்டுத் திட்டு சார்" என்றார். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஒரு வாய் குடித்தார். அப்புறம் இரண்டாவது டம்ளர் கேட்டார். மூன்றாவதற்குக் கருவாட்டுக் குழம்பும். கடைசியில் அடுக்ககக் குழுவில் அவர் என்ன எழுதினாரோ, பின்னாலேயே ஹாட்பாக்ஸும் கண்ணாடிப் பாத்திரமுமாகப் பத்துப் பதினைந்து குடும்பம் இறங்கி வந்தது.

முதல் அண்டா காலியானது. இரண்டாவது பாதிக்கு வந்தது, கால்வாசிக்கு வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. வர வேண்டியவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். கோயிலில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றத் தொடங்கிவிட்டார்கள். நான் தெருமுனைக்கு ஓடிப் போய், போகிற வருகிற பைக்குகளை எல்லாம் கை காட்டி நிறுத்தினேன். எஸ்டேட்டில் ஷிப்டு முடிந்து வந்த ஒரு கம்பெனி வேன் நின்றது. கூழ் என்று சொல்லி முடிப்பதற்குள் மொத்த வேனும் இறங்கிவிட்டது. பசித்த ஆட்கள். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே குடித்தார்கள். "இன்னும் கீதா?" என்று ஒருவர் கேட்டபோது அவரைக் கட்டிக்கொள்ளலாமா என்றிருந்தது.

அக்கா அண்டாவைச் சாய்த்து வழித்தார். கடைசியாகச் சேர்ந்த அரை டம்ளரை எடுத்துக்கொண்டு நேராக மகளிடம் போனார். அந்தப் பெண் நாற்காலியை விட்டு எழுந்து, அண்டாவருகே நடந்து வந்து, உள்ளே எட்டிப் பார்த்தது. அடி தெரிந்தது. நின்றபடியே அந்த அரை டம்ளரைக் குடித்தது. கோயிலில் விளக்கு ஏற்றினார்கள்.

எல்லோரும் போன பிறகு அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இருவர் கையிலும் கூழ் காய்ந்து ஒட்டியிருந்தது. நன்றி சொல்லப் போகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆசைதான்.

"மேடம், ஒண்ணு சொல்றேன், தப்பா எட்துக்காத. இன்னிக்கிக் கூழு மீந்திருந்து, நாளைக்கி எம்பொண்ணுக்கு ஏதாச்சும் ஆயிருந்துச்சின்னா, உன்னிய நான் மன்னிச்சிருக்கவே மாட்டேன். சாவுற வரிக்கும் உன் மேசதான் காரணம்னு சொல்லிகினு இருந்திருப்பேன்."

"தெரியும்க்கா" என்றேன்.

மறுநாள் மேலாளர் அறிக்கை கேட்டார். எத்தனை பேர் குடித்தார்கள் என்ற கட்டத்தில் 'எண்ணவில்லை' என்று எழுதினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். சான்றிதழ் வாங்கிய இருநூற்றுச் சொச்சத்தைப் போடலாமே என்றார். அவர்கள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை என்றேன். இருவருக்கும் அரைமணி நேரம் வாக்குவாதம். கடைசியில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டோம். டம்ளரில் முப்பதுக்கு மேல் காணவில்லை, அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன். தெருமுனை டீக்கடையில் இன்றைக்கும் எங்கள் திட்டத்தின் முத்திரை போட்ட டம்ளரில் டீ கிடைக்கும். சாக்கடையில் ஒரு கப் கிடையாது. அடுத்த ஆடிக்கு அடுப்பு வைப்பதில் தகராறு இல்லை என்று செயலாளரே சொல்லிவிட்டார்.

எனக்கு வேண்டுதலில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. கோயிலுக்குப் போனால் செருப்பு பத்திரமா என்று யோசிக்கிற ஆள் நான். ஆனால் அன்றைக்குப் பிறகு இரண்டு மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தினமும் படியில் அக்காவைப் பார்த்ததும், "பொண்ணு எப்படிக்கா இருக்கு?" என்பேன். "நேத்துதான கேட்ட? நேத்து மாறியேதான் கீது" என்பார். மாதுளம்பழம் வாங்கிக் கொடுத்தேன். ஸ்கேனுக்கு என் காரில் கூட்டிப்போனேன், மேடு பள்ளம் பார்த்து நான் ஓட்டிய வேகத்தில் பின்னால் வந்த பஸ்காரர் இறங்கி வந்து சண்டை போட்டார். ஒருநாள் அக்கா வேலைக்கு வரவில்லை. அவர் வீட்டுக்கு ஓடினேன். போய்ப் பார்த்தால் அவருக்கே காய்ச்சல், மகள் நன்றாக உட்கார்ந்து கஞ்சி வைத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து கணவரிடம், "அடி தெரிஞ்சுது இல்ல? நல்லாத் தெரிஞ்சுது இல்ல?" என்று கேட்டேன். அவர் அன்றைக்கு அங்கே வரவேயில்லை, பாவம். "தெரிஞ்சுது, தெரிஞ்சுது" என்றார்.

புரட்டாசியில் ஒருநாள் காலை, அலுவலகத்தில் கூட்டம். பழைய பொருள்களை வைத்துக் கொலு அமைக்கும் போட்டி பற்றி நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. திரையில் அக்கா. நான் பேச்சைப் பாதியில் விட்டு எடுத்தேன். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிச் சத்தம்.

"பொட்டப்புள்ள மேடம். ரெண்டு பேரும் நல்லாக் கீறாங்க."

எல்லோர் முன்னாலும் ஓவென்று அழுதுவிட்டேன். மேலாளர் எழுந்து வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார். கொஞ்சம் தேறி, சம்பந்திக்குச் சொல்லியாச்சா, வீட்டுக்காரருக்குச் சொல்லியாச்சா என்று கேட்டேன். இன்னும் யாருக்கும் சொல்லவில்லை, இனிமேல்தான் என்றார் அக்கா.

"எனக்கா முதல்ல சொல்றீங்க?"

"ஆமா. எல்லாரயும் உட ஜாஸ்தியா நீதான மேடம் பயந்துகினு இருந்த."